பல்பு அணைந்தால் அவரைப் பார்

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.”

நம் தொழிலில் இந்த வாசகம் காதில் விழாமல் ஒரு பொழுது அடையாது. அதற்கு அடுத்தது, “நான் ஒண்ணுமே பண்ணலயே.” அதற்கும் அடுத்தது, “லேசாத்தான் தண்ணி பட்டுது.” தென்காசியில் போன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவளுக்கு இந்த ‘லேசாத்தான்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரியும். ஆள் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே குற்றாலம் மெயின் அருவிக்கு அடியில் நின்றிருக்கிறார். சிரித்துவிடக் கூடாது. அவர் சொல்வதை முழுசாகக் கேட்டால் கோளாறு எங்கே இருக்கிறது என்பதில் பாதி அதிலேயே வந்துவிடும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. டைப் அடிக்கப் போன இடத்தில் மெஷின் அடிக்கடி படுத்துக்கொண்டது. சரி செய்கிற ஆள் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டும். அவர் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் மூடியைக் கழற்றினேன். என் படிப்பு அவ்வளவுதான். அதனால் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் பாடம் என்று ஒன்றும் கிடையாது. ஆட்கள் சொன்ன வாசகங்களைத்தான் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது கண் ஒத்துழைக்காமல் கடையை விட்டு வீட்டில் இருக்கும்போது அவைதான் துணை.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களில் யார் என்னைப் பார்க்க வந்தாலும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறீர்கள். “அக்கா, உள்ளங்கை அளவு போர்டுல பெரிய கிராபிக்ஸ் கார்டை மாட்டி ஓட்டினீங்களாமே, எப்படி?” எப்படி மாட்டுவது என்பது இப்போது வீடியோவாகக் கிடக்கிறது. என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அது ஓட ஆரம்பித்த பிறகு நடந்தது.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு வீடு. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ஏட்டையாதான். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது; பேச்சும் குழறிவிட்டது. அறிவு அப்படியே இருந்தது. பேப்பர் வாசிப்பார், அரசியல் பேசுவார், கோபப்படுவார். ஆனால் வெளியாள் காதுக்கு அது வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். அந்தப் பேச்சு விளங்கியது உலகத்தில் ஒரே ஆளுக்கு. அவர் மனைவி செண்பகக்காவுக்கு. கடைத்தெருவில் யார் எதைக் கேட்டாலும் அக்கா, “அவருட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்று போய்க் கேட்டுவிட்டு வந்து, அவர் சொன்னதை அவர் தோரணையிலேயே சொல்லும்.

அவர்களுக்கு ஒரே மகள், கோமதி. பெங்களூரில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் அப்பாவைப் பேச வைத்துப் பதிவு செய்தாள். ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அதை வைத்து, அவர் குழறுவதைக் கேட்டு நல்ல வார்த்தையாக மாற்றுகிற புரோகிராம் ஒன்றைப் பழக்கி எடுத்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். மாடியில் கிராபிக்ஸ் கார்டு போட்ட பெரிய கம்ப்யூட்டர். ஏட்டையா பேசினால் போர்டு கேட்டு மாடிக்கு அனுப்பும், மாடியில் இருப்பது யோசித்துச் சொல்லும், திரையில் பெரிய எழுத்தில் வரும், ஸ்பீக்கரும் வாசிக்கும். காதும் வாயும் கீழே, மூளை மேலே.

வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி விழுந்தது. மாடியில் இருந்த கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. யோசிக்கிற வேலையைச் செய்கிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் பிழைத்தது.

சாதாரண நேரமாக இருந்தால் புது மதர்போர்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்திருப்போம். அது சாதாரண நேரமாக இல்லை. செண்பகக்காவுக்கு இருதயத்தில் வால்வு கோளாறு. அக்கா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. இனிமேல் தள்ளினால் ஆபரேஷனே செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தேதியும் கொடுத்துவிட்டார்கள். கோமதி ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருக்க வேண்டும். ஏட்டையாவைப் பார்த்துக்கொள்ளக் கேரள எல்லையில் இருக்கும் புளியரையிலிருந்து ஷீபா என்கிற பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். நல்ல பெண், கை சுத்தம், பொறுமை. அவளுக்கு ஏட்டையா பேசுவதில் ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

அடுப்படியில் வைத்து செண்பகக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஏட்டி, எனக்கு ஆபரேசனுக்குப் பயமில்ல. அவரு பேச்சு விளங்குத ஆளு இல்லாம இந்த வீட்டை விட்டு நான் எறங்க மாட்டேன். நான் திரும்பி வார வரைக்கும் அவரு சொல்லுத ஒரு சொல்லு கீழ விழக்கூடாது. அப்படி ஆக்கித் தா, நாளைக்கே போறேன்.”

நான் சேர்த்து வைத்திருக்கிற வாசகங்களில் மேலே வைத்திருப்பது இதுதான். ஒரு சொல்லு கீழ விழக்கூடாது.

ஏன் வேறு வழி பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தோம். கடையில் கிடந்த பழைய பெட்டியில் அந்தக் கார்டைச் செருகினோம், திரையே வரவில்லை. நெட் வழியாகச் செய்யலாமே என்றால், காற்றடித்தால் குத்துக்கல்வலசையில் முதலில் போவது நெட்தான். கோமதிதான் போனில் யோசித்துச் சொன்னாள், “அக்கா, வீட்டுல என் மேசை டிராயர்ல ஒரு அடாப்டர் கெடக்கு. அந்தச் சின்ன போர்டையும் கார்டையும் நேரா சேர்க்கிறது. விளையாட்டுக்கு வாங்கினேன். கார்டைக் கீழயே கொண்டு வந்துரலாமா?”

கொண்டு வந்தோம். மாட்டுகிற கதையை நீட்டப் போவதில்லை. போர்டு திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாமான். அதிலிருந்து ஒரு நாடா மாதிரி வயர். அதன் மறுமுனையில் செங்கல் பருமனுக்கு அந்தக் கார்டு. பார்க்கிறதுக்கு ஆட்டுக்குட்டி யானையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. கார்டு குடிக்கிற கரண்டைப் போர்டால் கொடுக்க முடியாது. அதற்குத் தனியாகப் பெரிய பவர் சப்ளை வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பலகையில் திருகிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோமதி பெங்களூரிலிருந்தே நெட் வழியாகப் போர்டின் உள்ளே புகுந்து, கார்டை அதற்கு அறிமுகம் செய்து வைக்கப் படாத பாடு பட்டாள். ஒருவழியாக இரண்டும் பேசிக்கொண்டன.

ஏட்டையா பலகையையும் வயர்களையும் மேலும் கீழும் பார்த்தார். வாயசைத்தார். திரையில் வந்தது, ‘வண்டிக்கு லைசென்ஸ் இருக்கா?’ ஸ்பீக்கரும் அதைக் கறாராகக் கேட்டது.

“லைசென்ஸ் இல்ல ஏட்டையா, ஓட்டிப் பழகுத வண்டி,” என்றேன்.

‘அப்ப ஃபைன்.’

செண்பகக்கா சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லோருக்கும் வேலை முடிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

இங்கே பிளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் இன்வெர்ட்டர் மாட்டுகிற எலக்ட்ரீஷியன் எல்லா பிளக்கையும் அதில் சேர்ப்பதில்லை. ஃபேன், லைட், அறைக்கு ஒரு பிளக். எந்த பிளக் என்று தெரிவதற்கு நெயில் பாலிஷிலோ குங்குமத்திலோ ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார். பொட்டு வைத்தது நல்ல பிளக். மற்றது சும்மா பிளக். வீட்டில் எதற்கு முக்கியத்துவம் உண்டோ அதைப் பொட்டு பிளக்கில் போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த முறைப்படியே செய்தோம். போர்டும் திரையும் அணையக் கூடாது, ஆகவே பொட்டு பிளக்கில். கார்டின் பவர் சப்ளையை அந்த இன்வெர்ட்டர் தாங்காது, ஆகவே சும்மா பிளக்கில். நானும் கோமதியும் பேசித்தான் வைத்தோம். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள்.

ஒத்திகை பார்க்க வேண்டும் என்றது செண்பகக்காதான்.

“நான் ஊர்ல இல்லன்னு வச்சிக்கிடுங்க. பின்கட்டுல போய் இருக்கேன். என்னயக் கூப்பிடாதிய.”

ஆனி மாதக் காற்று. தென்னை மட்டையைப் பிய்த்து லைன் மேல் போடுகிற காற்று. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதால் சாரல் இங்கே வரைக்கும் வந்து ஜன்னல் கம்பியில் தெறித்துக்கொண்டிருந்தது. ஏட்டையா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏதோ சொன்னார்.

‘தண்ணி வேணும்.’ திரையில் வந்தது, ஸ்பீக்கரும் சொன்னது.

அவருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. பச்சைத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பொடி கலந்து கஞ்சி மாதிரி ஆக்கி, ஸ்பூனில் நிதானமாகக் கொடுக்க வேண்டும். ஷீபா அப்படியே கலந்து ஒரு ஸ்பூன் கொடுத்தாள். விழுங்கினார். இன்னொன்று. விழுங்கினார். பிறகு ஏதோ சொன்னார்.

ஷீபா நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். ‘தண்ணி வேணும்.’ இன்னொரு ஸ்பூன்.

மறுபடியும் ஒரு சத்தம். திரையில் ‘தண்ணி வேணும்.’ இன்னொரு ஸ்பூன்.

“சாருக்கு இன்னிக்கு நல்ல தாகம் உண்டு சேச்சி,” என்றாள் என்னைப் பார்த்து.

ஸ்பீக்கர் இரண்டாவது தடவை பேசவே இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஃபேன் சுற்றியது. லைட் எரிந்தது. திரை பளிச்சென்று இருந்தது. கரண்ட் போய்விட்டது என்பதற்கு அந்த அறையில் ஒரு அடையாளம் கிடையாது. பொட்டு பிளக் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. சும்மா பிளக்கில் இருந்த கார்டு செத்துப் போயிருந்தது. அது செத்தது போர்டுக்குத் தெரியாது. அது பதிலுக்குக் காத்துக்கொண்டு, கடைசியாகக் கேட்டு வாங்கிய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஏட்டையாவின் முகம் மாறியது. கண் பிதுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு. என் கண் பலகைக்குப் போனது. கார்டின் விசிறி நின்றிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்த வேகத்தில் என் கை பிளக்கைப் பார்த்து நீண்டது.

பின்கட்டிலிருந்து ஓடி வந்த செண்பகக்காவின் கை அவர் முதுகுக்குப் போனது. ஸ்பூனைத் தட்டிவிட்டு, அவரை முன்னால் சாய்த்து, தோளுக்கு நடுவில் அடித்தது. வாயிலிருந்ததெல்லாம் மடியில் விழுந்தது. அவர் இருமினார், இருமினார், மூச்சு வந்தது.

“போதும் போதும்னுல்லா சொல்லுதாரு! அங்கன எனக்குக் கேக்கு, பக்கத்துல இருக்க ஒங்களுக்குக் காது கேக்கலயா?”

சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் காலடியிலேயே உட்கார்ந்தது. ஓடி வரக்கூடாத உடம்பு. இப்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஷீபா கையில் கிண்ணத்தோடு அழுதுகொண்டு நின்றாள். திரையில் இன்னும் ‘தண்ணி வேணும்’ என்றே இருந்தது.

தெருக்கோடியில் இருக்கும் டாக்டர் வந்து பார்த்தார். நுரையீரலில் இறங்கவில்லை, பயமில்லை என்றார். கிளம்பும்போது செண்பகக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நீங்க இன்னும் இங்கனயா இருக்கிய?” என்று மட்டும் கேட்டார்.

“நான் போவல டாக்டரே,” என்றது செண்பகக்கா. “பாத்துட்டம்லா.” எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தது.

வெளியே வந்து கோமதிக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னாள், “அக்கா, கரண்ட் வந்ததும் ரெண்டு நிமிஷத்துல தானா ரீஸ்டார்ட் ஆகிற மாதிரி எழுதிடுறேன்.”

“அந்த ரெண்டு நிமிஷமும் திரையில என்ன இருக்கும் கோமதி?”

அவள் அழ ஆரம்பித்தாள். “நீங்க அம்மாகிட்ட எல்லாம் சரியாயிட்டுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. அவங்க கிளம்பினா போதும். அப்புறமா நாம சரி பண்ணிக்கலாம். தேதியை விட்டா அம்மா நமக்கு இல்லக்கா.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் இந்த போன் வரும். எதிரில் இருக்கிறவர் கெட்ட எண்ணத்தில் கேட்க மாட்டார். அழுதுகொண்டு கேட்பார். ‘சரியாயிட்டு’ என்ற ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து வந்தால் ஒரு உயிர் பிழைக்கும் போலத் தோன்றும். எனக்கும் அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் செண்பகக்கா என்னிடம் கேட்டது, கிளம்புவதற்கு ஒரு சாக்கு இல்லை. ஒரு சொல்லு கீழ விழக்கூடாது என்றுதான் கேட்டது. நான் பொய் சொல்லி அக்கா கிளம்பிப் போய், இங்கே இவர் ‘போதும்’ என்று சொல்லி அது கீழே விழுந்தால், அந்த ஆபரேஷன் யாருக்காக?

“சரியானதும் சொல்லுதேன் கோமதி. நீ போனை வைக்காத,” என்று உள்ளே போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தமாகவே யோசித்தேன். செத்துப் போனால் செத்துப் போனேன் என்று சொல்லத் தெரியாத மெஷினை இந்த அறையில் வைக்க முடியாது. சும்மா அணைந்துவிட்டால்கூட நல்லது. பழைய பேச்சையே காட்டிக்கொண்டிருப்பதுதான் ஆளைக் கொல்லும். ஆனால் இது செத்துவிட்டது என்று ஷீபா எப்படிக் கண்டுபிடிப்பாள்? கார்டு விசிறியைக் குனிந்து பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

ஏட்டையா ஏதோ சொன்னார். நான் திரும்பித் திரையைப் பார்க்கவில்லை. அதை அணைத்து வைத்திருந்தேன். செண்பகக்காவைப் பார்த்தேன்.

“ஆர்ச்சுங்காரு,” என்றது அது, அடுப்படி வாசலிலிருந்து.

“என்ன ஆர்ச்?”

அவர் மறுபடி சொன்னார். நீளமாகச் சொன்னார். செண்பகக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் தோரணையிலேயே சொன்னது: “மெயின் அருவியில எத்தன சீசன் ட்யூட்டி பாத்திருக்கேன். தண்ணி கூடுதா, குளிக்கலாமான்னு ஆயிரம் பேரு ஆயிரம் வாட்டி போலீஸ்காரனைக் கேட்டா அவன் என்ன செய்வான்? அதுக்குத்தான் மேல ஆர்ச் இருக்கு. தண்ணி ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா குளிக்கப்படாது. பாசை தெரியாதவனுக்கும் விளங்கும். இந்த ரூமுக்கு ஒரு ஆர்ச் வை.”

மற்றவர் சொல்லி எனக்கு உறைத்த இடங்கள் நிறைய உண்டு. இது போல ஒன்று இல்லை.

எழுந்து போர்டின் பிளக்கைப் பொட்டு பிளக்கிலிருந்து உருவினேன்.

“ஏட்டி, நல்ல பிளக்குல கெடந்ததை ஏன் பிடுங்குத?” என்றது செண்பகக்கா.

“நமக்கு அது நல்ல பிளக் இல்லக்கா. கரண்ட் போனதை மறைச்சிருது. கார்டும் போர்டும் திரையும் ஒரே சும்மா பிளக்குல கெடக்கட்டும். ஓடினா சேர்ந்து ஓடட்டும். படுத்தா சேர்ந்து படுக்கட்டும்.”

போனில் கோமதி கத்தினாள். “அக்கா, போர்டு திடுதிப்புன்னு அணைஞ்சா உள்ள இருக்கிற மெமரி கார்டு கெட்டுரும்!” அவள் சொன்னது நியாயம். அதில் எதுவும் எழுதப்படாமல் பூட்டி வைக்க அவளுக்கு வழி தெரிந்திருந்தது, கரண்ட் வந்ததும் செய்தாள். கூடவே இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். கார்டிடம் ‘இருக்கியா’ என்று போர்டு விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராத நொடியே திரை கருப்பாகிவிட வேண்டும். இரண்டாவது, எந்த வாக்கியமும் வாசித்து முடித்த பிறகு திரையில் தங்கக் கூடாது. அழுகையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். நல்ல வேலைக்காரி அவள். கேள்வி சரியாக வந்துவிட்டால் அவளுக்குப் பதில் எழுத நேரமாகாது.

“அதே லைன்ல ஒரு பல்பு வேணும். சின்னது. கட்டில்ல இருந்து பாத்தாலும் வாசல்ல இருந்து பாத்தாலும் தெரியணும்,” என்றேன்.

செண்பகக்கா உள்ளே போனது. சாமி படத்துக்கு முன்னால் எப்போதும் எரிகிற சிவப்பு சீரோ வாட் பல்பைக் கழற்றி, முந்தானையில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. “அவரு ஒரு மாசம் இருட்டுல இருப்பாரு, பரவால்ல,” என்றது சாமியைப் பார்த்து.

பல்பைத் திரைக்கு மேல் மாட்டினேன். ஷீபாவைக் கூப்பிட்டேன். “இந்தா பாரு, இது எரிஞ்சா திரையைப் பாரு. இது அணைஞ்சா அவரைப் பாரு. எரிஞ்சும் திரை கருப்பா இருந்தா அப்பவும் அவரைப் பாரு.”

“அவரைப் பாத்தா எனக்கு என்னா விளங்கும் சேச்சி?”

அதுதான் மிச்சமிருந்த கேள்வி. நான் ஏட்டையாவையே கேட்டேன். “நிறுத்தணும்னா எப்படிக் காட்டுவிய?”

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நல்லாயிருந்த இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, லாரியை மறிக்கிற மாதிரி காட்டினார். புளியரை செக்போஸ்டில் எத்தனை வண்டியை மறித்த கை.

ஷீபாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. “அய்யோ, எங்க அச்சன் லோடு வண்டி ஓட்டினது அந்த வழியாக்கும். இந்தக் கையைக் கண்டாலே வீட்டுக்கு வந்து திட்டும்!”

ஏட்டையா ஏதோ சொன்னார். செண்பகக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. “ஒங்கப்பன் ஓவர்லோடு அடிச்சிருப்பாருங்காரு.”

மறுநாள் இன்னொரு ஒத்திகை. இந்தத் தடவை ஷீபா ஸ்பூனைத் தூக்கியிருக்கும்போது, அவளிடம் சொல்லாமல், நானே சும்மா பிளக்கின் சுவிட்சை அணைத்தேன். பல்பு போனது. திரை கருப்பானது. ஸ்பூன் பாதி வழியில் நின்றது. அவள் அதைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். “சார், மெல்லச் சொல்லுங்க. இன்னும் வேணுமா?” கை உயர்ந்தது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த செண்பகக்கா திரும்பியது. உள்ளே போய்ப் பரணிலிருந்து பையை எடுத்துத் தரச் சொன்னது.

சீசன் நேரத்தில் வாடகைக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பு. எல்லாம் அருவிக்கு ஓடிக்கொண்டிருந்தது. எப்படியோ ஒன்றைப் பிடித்தோம். கிளம்பும்போது செண்பகக்கா ஏட்டையாவிடம் போய் நின்றது. அவர் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. திரையில் வந்திருக்கும், நான் திரைக்கு முன்னால் போய் மறைத்து நின்றுகொண்டேன். ஸ்பீக்கரை ஷீபா ஏற்கெனவே அணைத்திருந்தாள். சில பேச்சுக்கு மெஷின் தேவையில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக என்று சொல்ல டாக்டர்கள் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் நான் தினமும் குத்துக்கல்வலசைக்குப் போய் வந்தேன். முதல் தடவை கரண்ட் போனபோது ஷீபா எனக்கு போன் பண்ணிப் பதறினாள். “சேச்சி, பல்பு அணைஞ்சு!”

“அணைஞ்சா என்ன செய்யணும்?”

“சாரைப் பாக்கணும்.”

“அப்ப என்ட்ட ஏன் பேசிட்டு இருக்க?”

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடுவது நின்றுபோனது. காற்று நிற்கவில்லை. மட்டை விழுவதும் நிற்கவில்லை.

செண்பகக்காவைக் கூட்டிவரும் அன்றைக்கு நானும் காரில் இருந்தேன். ஆர்டர் போட்டிருந்த புது மதர்போர்டு வந்து, பெட்டியைப் பிரிக்காமல் கோமதியின் மடியில் இருந்தது. பழையபடி மாடியில் வைத்துவிடலாம், இந்தப் பலகையைக் கழற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் மேற்கே மலை முழுக்க மேகம். குத்துக்கல்வலசை தெருவில் திரும்பும்போது ஒரு வீட்டிலும் டிவி சத்தம் இல்லை.

வாசலில் இறங்கியதும் செண்பகக்கா என் கையைப் பிடித்துக்கொண்டது. தையல் போட்ட நெஞ்சுக்கு மேல் மற்றக் கை. ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. திரை கருப்பாக இருந்தது. அதற்கு மேலே பல்பும் எரியவில்லை. செண்பகக்காவின் பிடி இறுகியது.

அப்போது உள்ளேயிருந்து ஷீபாவின் குரல் வந்தது.

“இல்ல சார், ஐந்தருவியில குளிக்க விடுதாங்கன்னு பால்காரர் சொன்னாரே!”

அதற்கு ஏட்டையாவின் குழறல்.

“மெயின் அருவியிலயா? அங்க இல்லன்னு எனக்கும் தெரியும். நான் ஐந்தருவியைச் சொல்லுதேன்.”

மறுபடியும் குழறல், கொஞ்சம் நீளமாக, கோபமாக.

“ஓ, ஆர்ச்சைத் தாண்டி விழுந்தா எல்லா அருவியையும் சேர்த்துத்தான் மூடுவீங்களா? அது உங்க காலம் சார். இப்ப வேற ஏட்டு.”

அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. குழறாத ஒரே சத்தம் அவருக்கு அதுதான்.

கோமதி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, உள்ள போலாம், நிக்கக்கூடாது,” என்றாள்.

செண்பகக்கா நகரவில்லை. உதட்டில் விரலை வைத்தது. கண் நிறைந்திருந்தது. அது சந்தோஷமா, இனிமேல் தான் மட்டும் இல்லை என்ற வருத்தமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்து வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தது.

“இருங்க,” என்றது. “அவங்க பேசி முடிக்கட்டும்.”